ஒன்பதாம் நாள் மிட்டாய்

பல் துலக்கிய கையோடு ஆரஞ்சுச் சாறு குடிக்கக் கூடாது, சார்ஜென்ட் குவிலியம். நேற்றுக் காலை நான் கொடுத்த சாற்றை ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகம் சுளித்தீர்கள். பழத்தின் மேல் குற்றமில்லை. பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோப்புப் பொருள், இனிப்பை உணரும் செல்களைக் கொஞ்ச நேரம் ஊமையாக்கிவிடும். அரை மணி நேரத்தில் தானாகச் சரியாகும். அப்போதே சொல்லியிருக்கலாம், நீங்கள் அவசரத்தில் இருந்தீர்கள்.

வாயை மாற்றிக்கொள்ள ஜாடியிலிருந்து ஓர் எலுமிச்சை மிட்டாய் எடுத்துக்கொண்டீர்கள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அது வெறும் மிட்டாய்தான்.

திருமதி வெர்னா நோஸ்கி இறந்தது பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டீர்கள். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் கிளாரி போயஸ் கொடுத்த சுக்கினிக் காயில் சூப் வைத்துக் குடித்தார், அது நஞ்சாகிவிட்டது, அவ்வளவுதான் என்றேன். அது முழுமையான பதில் அல்ல. பேசும்போது எனக்கு வரிசை தவறிவிடும், எழுதினால் தவறாது. காடினா ஊர்ப் பள்ளியில் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த முறை இது: முதலில் யார், பிறகு எங்கே, பிறகு என்ன. ஏன் என்பதைக் கேட்டால் மட்டும் எழுத வேண்டும். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

என் பெயர் மெர்வின் டிரெசைஸ். வயது அறுபத்து மூன்று. மணமாகவில்லை. அடிலெய்டில் ஓர் உணவு ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் உதவியாளனாக இருந்தேன். கண்ணாடித் தட்டுகளில் செல் வளர்ப்பது என் வேலை. கசப்பை உணரும் புரதத்தை அந்தச் செல்களுக்குள் வைத்திருப்போம், கூடவே ஒரு சாயமும். கசப்பான திரவம் ஒரு துளி விட்டால், கருவியின் திரையில் அவை பச்சையாக ஒளிரும். இருட்டறையில் உட்கார்ந்து அந்த ஒளியை எண்ணுவேன். நாள் முழுவதும் எனக்குப் பதில் சொன்னவை அவை மட்டுமே. குறையாகச் சொல்லவில்லை. வேலை அப்படி.

ஒரு விஷயத்தை விளக்காவிட்டால் மற்றது புரியாது. நாக்கில் உள்ள ருசி மொட்டு ஒவ்வொன்றிலும் ஐம்பது, நூறு செல்கள் பூண்டுப் பற்கள் போல நெருக்கி நிற்கின்றன. எச்சிலில் கரைந்த சர்க்கரையோ கசப்போ அந்தச் செல்லின் மேல்தோலில் இருக்கும் புரதத்தில் வந்து பொருந்தும். பொருந்தியதும் உள்ளே ஒரு புரதம் கழன்று போய் அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை எழுப்பும். செல்லின் உட்கிடங்கிலிருந்து கால்சியம் கொட்டும். அதைக் கண்டு ஒரு வாசல் திறக்கும், சோடியம் உள்ளே பாயும். செல் உடனே ஒரு பொருளை வெளியே விடும், பக்கத்தில் காத்திருக்கும் நரம்பு அதை வாங்கிக்கொண்டு மூளைக்குச் சேதி சொல்லும். எல்லாம் ஒரு நொடிக்குள். இனிப்புக்கும் கசப்புக்கும் இறைச்சிச் சாற்றின் ருசிக்கும் வெளிக்கதவுகள் வேறு வேறு. கசப்புக்கு மட்டும் இருபத்தைந்து கதவுகள் உண்டு, ஏனென்றால் நஞ்சு பெரும்பாலும் கசக்கும். ஆனால் நான் சொன்ன அந்தக் கடைசி வாசல் மூன்றுக்கும் ஒன்றுதான். உப்பும் புளிப்பும் அந்த வழியில் வருவதில்லை.

இன்னொன்று. ருசிச் செல்லுக்கு ஆயுள் பத்து நாள் வாக்கில்தான். பழையது செத்துப் புதியது பிறந்துகொண்டே இருக்கும். இன்று உங்கள் வாயில் இருக்கும் நாக்கு போன மாதம் இல்லை. எனக்கு இது எப்போதும் ஆறுதலாக இருந்திருக்கிறது.

வெர்னா எங்கள் ருசிக் குழுவில் பதினோரு வருடம் இருந்தார். பரோசாவில் அண்ணனோடு பேக்கரி நடத்தியவர், கணவர் இறந்த பிறகு காலர் ஊருக்கு வந்தார். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. செவ்வாயும் வெள்ளியும் ஒரே ரயிலில் போவோம். நான் இனி அவள் என்றே எழுதுகிறேன். மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன்.

குழுவினர் ஆளுக்கொரு சிறு கூண்டறையில் உட்காருவார்கள். பண்டத்தின் நிறம் தெரியக் கூடாது என்பதற்காகச் சிவப்பு விளக்கு. எதிர்ச்சுவரில் ஒரு சின்னக் கதவு. அதைத் தூக்கி நான் தட்டை உள்ளே தள்ளுவேன், கிண்ணங்களில் மூன்றிலக்க எண் மட்டும் இருக்கும். அவர்கள் ருசித்து, துப்பி, வாய் கொப்பளித்து, தாளில் பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண் போடுவார்கள். இனிப்பு எத்தனை, கசப்பு எத்தனை. அந்தக் கதவு வழியாக எனக்குத் தெரிவது கைகள் மட்டும். பதினோரு வருடம் வெர்னாவின் கைகளைப் பார்த்தேன். அடுத்த தட்டு வேண்டுமென்றால் மற்றவர்கள் மணியை அழுத்துவார்கள். அவள் மட்டும் விரலால் இரண்டு தட்டு தட்டுவாள். இரண்டாவது தட்டு எப்போதும் மெதுவாக இருக்கும்.

அவள் போட்ட எண்ணை நாங்கள் சரிபார்த்ததே இல்லை. அவ்வளவு துல்லியமான நாக்கு.

குழு முடிந்ததும் தயாரிப்பு அறையில் என்னோடு ஒரு கோப்பை டீ குடிப்பாள். "உன் டீ எத்தனை தெரியுமா மெர்வ்? கசப்பு ஏழு, பால் ரெண்டு, ஒழுங்கு பத்து" என்று கிண்டல் செய்வாள். வாரத்துக்கு இரண்டு முறை, இருபது நிமிடம். கூட்டிப் பார்த்தால் பெரிதாக வராது. எனக்கு வாரம் முழுக்கப் போதுமானதாக இருந்தது.

இரண்டு வருடம் முன்பு, மார்ச் மாதம், ரயிலில் வைத்துச் சொன்னாள்.

"டாஸ்மேனியாவுல ஒரு சீஸ் பண்ணையில ருசி பாக்கத் தலைமையா ஆள் தேடுறாங்க மெர்வ். வெள்ளிக்கிழமை நம்ம கூண்டுலயே பரிட்சை. தேறிட்டா அடுத்த மாசமே போயிடுவேன்."

"அங்க ரொம்பக் குளிருமே" என்றேன்.

"கம்பளி போட்டுக்கிறேன். நீ என்ன, எங்கம்மா மாதிரி பேசுற." சிரித்தாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் ஏற்கெனவே போய்விட்டதைப் போல எனக்கு இருந்தது.

ஆய்வகக் குளிர்பெட்டியில் கைவிடப்பட்ட மாதிரி ஒன்று இருந்தது, எண் 417. குழந்தைகளின் மருந்தில் கசப்பை மறைக்கச் செய்தது. நான் சொன்ன அந்தக் கடைசி வாசலில் போய் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் ஒட்டினால் போதும் என்று நினைத்தார்கள். அது விடவே இல்லை. அந்தச் செல் செத்து அடுத்தது பிறக்கும்வரை இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. வேறு தீங்கு எதுவும் அதில் காணப்படவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை அவளுடைய கொப்பளிக்கும் தண்ணீரில் கொஞ்சம் கலந்தேன். விதிப்படி மூன்று முறை கொப்பளித்தாள். அவள் எப்போதும் விதிப்படி நடப்பவள். பரீட்சை எளிது: மூன்று கிண்ணம், இரண்டு ஒரே மாதிரி, மூன்றாவது வேறு. வேறானது எது என்று சொல்ல வேண்டும். வழக்கமாக அரை நிமிடத்தில் தட்டுவாள். அன்று கதவுக்கு அந்தப் பக்கம் ஐந்து நிமிடம் சத்தமில்லை. கைகள் கிண்ணங்களை மாற்றி மாற்றி எடுத்தன.

வெளியே வந்து என்னிடம்தான் முதலில் சொன்னாள். "மூணும் ஒண்ணா இருக்கு மெர்வ். உப்புத் தண்ணி மாதிரி."

"ஜலதோஷமா இருக்கும்" என்றேன்.

"மூக்கு நல்லாத்தான் இருக்கு. உன் சட்டையில சோப்பு வாசன வருதே."

ஒரு முறை மட்டும் என்றுதான் இருந்தேன். பண்ணைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள், பத்து நாளில் அவளுக்கு ருசி திரும்பிவிடும், பழையபடி செவ்வாயும் வெள்ளியும் வரும். ஆனால் அந்தப் பத்து நாளில் ஒன்று நடந்தது. அவள் என் வீட்டுக்கு வந்தாள். கதவைத் தட்டினாள், இரண்டு தட்டு. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "யார்கிட்டயும் சொல்ல வெக்கமா இருக்கு. உன்கிட்ட மட்டும் சொல்லலாம்" என்றாள். மாலை முழுக்க இருந்தாள். அந்த மேசையில் எனக்கு எதிரே அதுவரை ஒருவரும் உட்கார்ந்ததில்லை.

அடுத்தது மிட்டாய். உப்பும் புளிப்பும் மட்டும் அவளுக்குத் தெரியும் என்பதால் எலுமிச்சையில் நானே காய்ச்சினேன். வாயில் போட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, ஏதோ ஒண்ணு தெரியுது" என்றாள். உப்பைத் தவிர அவளுக்குக் கிடைத்த ஒரே ருசியை நான்தான் கொடுத்தேன். அதை மறந்துவிடக் கூடாது.

ஒன்பது நாளுக்கு ஒருமுறை புது மிட்டாய் கொண்டுபோவேன். பொட்டலத்தில் பத்து இருக்கும், அவற்றில் மேலே இருப்பதில் மட்டும் 417 கலந்திருக்கும், அதை நானே எடுத்துக் கொடுப்பேன். நாட்காட்டியில் அந்தத் தேதியில் ஒரு புள்ளி. எட்டாம் நாள்கள்தான் கொஞ்சம் சங்கடம். புதிய செல்கள் பிறக்கத் தொடங்கியிருக்கும். தொலைபேசியில் கூப்பிடுவாள். "மெர்வ், காபியில இன்னிக்கு லேசா ஒரு இது தெரிஞ்சது. இல்ல, நானா நெனச்சுக்கிட்டேனா?" அவள் குரல் அப்போது சின்னப் பெண் குரல் போல ஆகிவிடும். "பாப்போம்" என்பேன். மறுநாள் போவேன்.

மருத்துவர்களிடம் நான்தான் காரில் அழைத்துப் போனேன். ஏதோ கிருமியால் வந்தது, காலம் எடுக்கும் என்றார்கள். குழுவில் அவள் இடத்துக்கு வேறு பெண் வந்தாள். நான் விருப்ப ஓய்வு பெற்றேன். வரும்போது 417ஐ எடுத்துவந்தேன், யாரும் தேடவில்லை.

அவளுடைய அடுப்படியில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. என்ன சமைத்தாலும் மரக்கரண்டியில் அள்ளி என்னிடம் நீட்டுவாள். ருசித்து எண் சொல்ல வேண்டும். "இனிப்பு எத்தன? கசப்பு எத்தன?" என்று குழுவில் கேட்பதைப் போலவே கேட்பாள். நான் சொல்வதை வைத்துச் சர்க்கரை சேர்ப்பாள், சாஸ் சேர்ப்பாள். "நீதான் இப்ப என் நாக்கு" என்று ஒருநாள் சொன்னாள். விளையாட்டாகத்தான். நான் வீட்டுக்குப் போய் அந்தத் தேதியில் புள்ளியோடு ஒரு வட்டமும் போட்டேன்.

இப்படி எழுபத்தெட்டு முறை. நீங்கள் இதை ஒரே குற்றமாக எழுதுவீர்களா, எழுபத்தெட்டாகவா என்று தெரியவில்லை. ஒவ்வொரு ஒன்பதாம் நாளும் நிறுத்திவிட எனக்கு வாய்ப்பு இருந்தது, ஆகவே எழுபத்தெட்டு என்பதே சரி. எந்த நாளில் நிறுத்தியிருந்தாலும் அவளுக்கு எல்லாம் திரும்பியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நிலையாக எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி கிளாரி. எங்கள் பக்கத்தில் பிப்ரவரி வந்தால் சுக்கினி காய்த்துக் குவியும், யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. ஆளுக்கு ஆள் வாசலில் வைத்துவிட்டு ஓடுவார்கள். காரைப் பூட்டாமல் விட்டால் பின்சீட்டில் நான்கு காய் ஏறியிருக்கும். கிளாரி இதில் முதல் ஆள். "யோவ் மெர்வ், ஒளிஞ்சுக்காதய்யா, ரெண்டே ரெண்டு. தொடை மொத்தம் இருக்கு பாரு" என்று வெர்னா வீட்டு வேலிக்கு மேல் நீட்டுவார். அவர் அதைத் தின்பதே இல்லை. "வளக்கத்தான் புடிக்கும். எவன் தின்னுவான் இத?"

இந்த வருடம் கடை விதை வாங்காமல், போன வருடக் காயிலிருந்து எடுத்த விதையைப் போட்டார். போன வருடம் வேலி ஓரமாக அழகுக்கு வளர்க்கும் கசப்புச் சுரைக்கொடி இருந்தது. தேனீ இங்கும் அங்கும் போயிருக்கிறது. காய் பார்க்க அதே காய். உள்ளே கசப்பு நஞ்சு ஏறியிருந்தது. சாதாரணமாக இதனால் யாரும் சாக மாட்டார்கள், ஒரு வாய் வைத்தால் துப்பிவிடுவார்கள். இருபத்தைந்து கதவுகள் இருப்பது அதற்குத்தான். ஆகவே கிளாரியின் காய் வெர்னாவைக் கொல்லவில்லை. அவளுக்கு அந்தக் கதவுகள் திறக்காமல் செய்தவன் நான். கிளாரி இப்போது தோட்டத்தை முழுக்கப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளேயே கிடக்கிறார். "அம்மா மாதிரி பாத்துக்கிட்ட பொம்பளைய நானே கொன்னுட்டேன் மெர்வ்" என்று என் தோளில் சாய்ந்து அழுதார். நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தக் கடிதத்துக்கு அதுதான் முதல் காரணம்.

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் ஒரு விவரம் விட்டுப்போகிறது.

அவள் இறந்த அந்த வாரம் வியாழக்கிழமை வெர்னா மெல்போர்ன் போவதாக இருந்தாள். அண்ணன் மகள் அங்கே ஒரு நாக்கு நிபுணரைப் பிடித்திருந்தாள். ஆறு வாரம் தங்கிப் பரிசோதனை. பயணச்சீட்டைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். ஆறு வாரம், சார்ஜென்ட். பத்தாம் நாள் காலையில் அண்ணன் மகள் வீட்டில் எழுந்து காபி குடிப்பாள், எல்லா ருசியும் முழுசாகத் தெரியும். பிறகு அந்த டாஸ்மேனியா, அல்லது வேறு ஊர். என் மேசைக்கு எதிரே வெறும் நாற்காலி. நான் எவ்வளவோ யோசித்தேன். ஞாயிறன்று ஒன்பதாம் நாள் மிட்டாயைக் கொடுத்துவிட்டு, கூட எடுத்துப்போக ஒரு பொட்டலமும் கட்டிக் கொடுத்தேன். "இது வேணாம் மெர்வ், நிபுணர் அங்க இருக்கற ஆறு வாரமும் எதையும் சப்பக் கூடாதுன்னு எழுதியிருக்காரு" என்று திருப்பித் தந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை என் வாசலில் கிளாரியின் காய் இரண்டு கிடந்தன. ஒன்றை நறுக்கி, பழக்கத்தில் நாக்கு நுனியில் வைத்தேன். துப்பினேன். பத்துக்கு ஒன்பது. அரை மணி நேரம் வாய் கொப்பளித்தும் போகவில்லை. அந்தக் கசப்பை எனக்கு நன்றாகத் தெரியும், பல வருடம் என் தட்டுகளில் சொட்டு விட்டுப் பச்சை ஒளியை எண்ணியிருக்கிறேன். காய்களைக் குப்பையில் போட்டுவிட்டு அவளைப் பார்க்கப் போனேன்.

மதியம் பன்னிரண்டு மணி. நல்ல வெயில். சன்னல் திரையை இறக்கிவிட்டு அடுப்பில் சூப் வைத்திருந்தாள். ஊருக்குப் போகுமுன் குளிர்பெட்டியைக் காலி செய்கிறாளாம்.

"சரியான நேரத்துக்கு வந்துட்ட. கிளாரியோட யானைக்குட்டிய ஒருவழியா முடிச்சுட்டேன்" என்றாள். "டில் இல போட்டிருக்கேன், வாசன நல்லா வருது. இந்தா, பாரு."

மரக்கரண்டியை நீட்டினாள்.

நான் வாங்கி வாயில் விட்டேன். நாக்கில் உருட்டினேன். அடுப்படியில் துப்ப முடியாது, விழுங்கினேன். ஒரு வாரம் படுத்திருப்பாள், ரயிலை விட்டுவிடுவாள், நான் பார்த்துக்கொள்வேன் என்றுதான் எண்ணினேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

"உப்பு நாலு" என்றேன். "இனிப்பு ஒண்ணு."

"கசப்பு எத்தன? சுக்கினி சில நேரம் கசக்கும்."

"பூஜ்யம்" என்றேன்.

இரண்டு கிண்ணம் குடித்தாள். மாலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். மருத்துவரைக் கூப்பிடச் சொன்னாள். சரியாகிவிடும் என்று நெற்றியில் ஈரத் துணி வைத்தேன், பாத்திரத்தைக் கழுவி வைத்தேன். மறுநாள் பகல் பேச்சு குழறத் தொடங்கியபோது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் இறந்தாள். அந்த மூன்று நாளும் என் கையை அவள் விடவில்லை.

முப்பத்தோரு வருடத்தில் தாளில் நான் ஒரு பொய் எண்ணும் எழுதியதில்லை. என்னுடைய எண் ஒவ்வொன்றையும் இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொள்வார்கள், அதுவே விதி. வெர்னா சரிபார்க்கவில்லை. நான் சொன்னதும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். என்னை அவ்வளவு நம்பிய ஒருத்தி இருந்தாள் என்பதையும் உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.